தகோமே வீராங்கனையும் ஒட்டிக் கொடுத்த கடிதமும்

1

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது மன்னார்க்காரர் ஒருவர் என்னை மறித்தார். "தங்கச்சி, நான் வாற கிழமை கொழும்புக்குப் போறன். கடிதம் கிடிதம் இருந்தாத் தாரும், கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்றார். என் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. "இல்லை அண்ணை, ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிவிட்டேன்.

நான் சைவக்காரி. ஆனாலும் இத்தாலியின் பலெர்மோவில் வேலை, வீடு, ஊர்ச் செய்தி மூன்றும் மாதா கோயில் வாசலில்தான் கிடைக்கும் என்பதால், ஐந்து வருடமாக ஞாயிறு தவறாமல் அங்கே நிற்கிறேன். அந்த வாசலில் யாரோ ஒருவர் கடிதம் கேட்டால் நான் இப்படிப் பொய் சொல்லி ஓடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களில் சிலர் திட்டுவார்கள். திட்டட்டும். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நான் நடித்த படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, தயவுசெய்து தேடவும் வேண்டாம்.

2

கோயில் அறிவிப்புப் பலகையில் வழக்கமாக இருப்பது வீட்டுவேலைக்கு ஆள் தேவை, பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி புதுப்பிக்க உதவி, இத்தாலிய வகுப்பு. சென்ற வருடம் மாசி மாதம் அவற்றுக்கு நடுவில் ஒரு மஞ்சள் கடதாசி. சரித்திரப் படம் ஒன்றில் போர்வீராங்கனைகளாக நிற்கக் கறுத்த நிறப் பெண்கள் வேண்டும், வயது பதினெட்டிலிருந்து நாற்பது, ஓடத் தெரிந்திருக்க வேண்டும்.

என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் ரஜனி அக்கா அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்துக்காரி, மாடிப்படிகள் துடைக்கிற வேலை, எதையும் இரண்டு தரம் யோசிக்கிற மனுசி.

"ஆபிரிக்கப் பொம்பிளையள் காணாதாமடி. எங்களையும் எடுக்கினமாம். இவங்களுக்குக் கறுப்பெண்டா எல்லாம் ஒண்டுதான்."

"அக்கா, நாங்கள் போவம்."

"எங்கை? சண்டைக்கோ?"

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை உயிரியல் படித்தவள். இங்கே லிபெர்த்தா தெருவில் ஒரு சின்யோராவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், தாயாருக்கு மாத்திரை கொடுத்து, குளிப்பாட்டி, அவருடைய பூனையோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரே நாள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. மஞ்சள் கடதாசியைப் பார்த்த அடுத்த நாளே நூலகத்துக்கு ஓடினேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு புத்தகம் வாசித்தேன்.

மேற்கு ஆபிரிக்காவில் தகோமே என்று ஒரு இராச்சியம். அந்த அரசனுடைய படையில் ஆயிரக்கணக்கான பெண்கள். முள்வேலி மேல் வெறுங்காலோடு ஏறிப் பழகியவர்கள். துவக்கு, வாள், கை நீளத்துக்குச் சவரக்கத்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக்காரரோடு மோதி, கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். நாங்கள் பள்ளியில் படித்த சரித்திரத்தில் ஆபிரிக்காவுக்கு அரைப் பக்கம்கூட இல்லை. எனக்குத் தலை சுற்றியது. பஸ்ஸில், சமையலறையில், சின்யோராவின் தாயாருக்கு முதுகு தேய்க்கும்போது என்று கண்ட இடத்தில் அதையே கதைத்தேன். கிழவி பாவம், "பிராவா, பிராவா" என்று தலையாட்டினார்.

3

பலெர்மோவின் விளிம்பில், சியாகுல்லிக்கு மேலே, கைவிட்ட கல்லுக்குழி ஒன்றில் தகோமேயின் அரண்மனை எழும்பியிருந்தது. பலகையும் மண் பூச்சும்தான். கீழே தோட்டமெல்லாம் மண்டரின் தோடை பழுத்துச் சிவந்து தொங்கியது. ஆபிரிக்க இராச்சியத்தில் மண்டரின் ஏது? உதவி இயக்குநர் ஒருவர் பச்சை வலையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுவதும் மரம் மரமாக ஓடினார். இடைவேளையில் நாங்கள் வலைக்குள் கைவிட்டுப் பிடுங்கித் தின்றோம்.

கானாக்காரர், ஐவரிகோஸ்ட்காரர், மொரீசியஸ்காரர், தமிழர் ஐந்து பேர் என்று எழுபது பெண்களுக்கு மேல். குளிரில் எல்லோருக்கும் பல் அடித்தது. எங்கள் வரிசைக்குத் தலைவி எஸி என்ற கானாப் பெண். சந்தையில் தலை பின்னிவிடுகிறவள். இத்தாலியத்தில் எங்களைப் போட்டுக் கிழிப்பாள்.

"ஏய் சிறிலங்கா! துவக்கைக் குழந்தைப்பிள்ளை மாதிரித் தூக்கி வைச்சிருக்கிறாய். அதுக்குப் பால் குடுக்கப் போறியா?"

துவக்குகள் மரத்தில் செய்து இரும்புக்குழாய் பொருத்தியவை. சுடாது. ஆனாலும் பாரம். அவற்றைப் பங்கிட்ட காலையில் ரஜனி அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு ஏலாது."

"அக்கா, இது மரம்."

"மரமெண்டாலும் ஏலாது. சந்தைக்காரியளா நிக்கிறவைக்குக் கூடை குடுக்கினம். நான் அதிலை போய் நிக்கிறன்."

"பயந்தாங்கொள்ளி."

"ஓமடி, நான் பயந்தாங்கொள்ளிதான். நீ போய் ராசாவைக் காப்பாத்து."

நான் காப்பாற்றினேன். இரண்டு கிழமை கல்லுக்குழியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடி, விழுந்து, எழும்பி, கத்தி, மறுபடி ஓடினேன். முழங்கால் இரண்டும் உரிந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

4

உடைகளுக்குப் பொறுப்பான பெண் ஒவ்வொரு காலையும் எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் படமெடுப்பாள். எடுத்தவுடன் கருவியின் வாயிலிருந்து புகைப்படம் வெளியே வரும். அதைப் பலகையில் குத்திவைப்பாள். முகத்துச் சாயமும் இடுப்புப்பட்டியும் மறுநாளும் அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காக. சந்தைக் காட்சிகள் முடிந்து, கடைசிப் போருக்காக ஒரு மாதம் இடைவெளி விட்டபோது, என்னுடையதை எனக்கே தந்தாள்.

அந்தப் புகைப்படத்தில் நான் இருந்த மாதிரியைச் சொல்கிறேன். கைகளில்லாத மண்ணிறச் சட்டை. இடுப்பில் தோட்டாப் பெட்டிகள் கோத்த பட்டி. தலைப்பட்டிக்குள் நிற்கவேண்டும் என்பதற்காக இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டியிருந்தேன். கன்னத்தில் இரண்டு சாம்பல் கோடு. வலது தோளில் துவக்கு. பின்னால் பற்றை, கல், வானம். கமரா இல்லை, அரண்மனை இல்லை, மண்டரினும் இல்லை. இது சினிமா என்று சொல்ல அதில் ஒரு தடயமும் இல்லை.

இதை நான் இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு அதில் தெரிந்தது தகோமே மட்டும்தான்.

என் தங்கை வதனி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். ஊரை விட்டு இடம்பெயர்ந்து, வன்னி சுற்றி வந்து சேர்ந்தவள், பத்தொன்பது வயது. என் சின்யோராவின் நாத்தனார் அவளை வீட்டுவேலைக்கு அழைக்க விண்ணப்பம் போட்டிருந்தார். அந்தக் கடதாசி ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. நான் மாதம் ஒருமுறை விடியற்காலையில் போய் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் வாசலில் வரிசையில் நிற்பேன். ஒரு முத்திரை குறைகிறது என்பார்கள். அங்கே வதனி, தமிழர் கட்டாயம் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவை வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்தாள். வழக்கு, பிடிபாடு என்று அவள் பெயரில் ஒரு கீறல் விழுந்தாலும் விசா இல்லை. நான்கு வருடமாக அவள் என்னைக் காணவில்லை. இந்தப் புகைப்படத்தைப் பார்த்தால் துள்ளுவாள் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமை ஊருக்குப் போகவிருந்தவர் அன்ரன் அண்ணை. தாய்க்குச் சுகமில்லை என்று மூன்று கிழமை லீவு. எங்களிடையே ஒரு பழக்கம் உண்டு: போகிறவர் எல்லோருடைய கடிதங்களையும் கொண்டுபோவார், ஆனால் கடிதங்களை ஒட்டாமல் கொடுக்க வேண்டும். சுமக்கிறவர் தான் எதைச் சுமக்கிறார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். யாரும் அதை விளக்கிச் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

நான் ஒட்டிக் கொடுத்தேன். முதலில் பார்க்கிறவள் வதனியாக இருக்கவேண்டும் என்ற ஆசையில், பசை பூசி, மேலே ஒட்டுநாடாவும் போட்டு.

அன்ரன் அண்ணை கையில் வாங்கிப் பார்த்தார். "என்ன பிள்ளை, உள்ளுக்கை காதல் கடிதமோ?"

"தங்கச்சிக்கு ஒரு புதினம் அண்ணை."

"சரி, சரி. அக்கா தங்கச்சி ரகசியம் எனக்கேன்" என்று பொக்கற்றுக்குள் வைத்தார். மரியாதையான மனுசன்.

5

அவர் ஞாயிறு ரயிலில் ரோமுக்குப் போனார். திங்கள் பின்னேரம் விமானம். அதே பின்னேரம் ரஜனி அக்கா பருப்புக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டார்.

"உன்ர அந்தச் சண்டைக்காரி போட்டோ எங்கை? எஸி கேட்டவள், பாக்கோணுமாம்."

"வதனிக்கு அனுப்பிட்டன்."

"எது? துவக்கோடை நிக்கிறதோ?"

"ஓம்."

வெட்டுகிற சத்தம் நின்றது.

"தபாலிலையோ?"

"அன்ரன் அண்ணையிட்டைக் குடுத்தனான்."

"அவர் பாத்தவரோ?"

"இல்லை. ஒட்டித்தான்…"

ரஜனி அக்கா கத்தியைப் பலகையில் வைத்தார். கைகளைத் துடைத்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டார். "பிள்ளை, மடிச்சுக் கட்டின பின்னல். பட்டி. துவக்கு. பின்னாலை பத்தை. உன்னை ஒரு நிமிசத்துக்கு மறந்திட்டுப் பார். அங்கை ஆமியின்ர சென்றியிலை நிக்கிறவன் அதை எடுத்துப் பாத்தா, ஆரெண்டு நினைப்பான்?"

இரண்டு கிழமை அந்தத் துவக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். அதைப் பிடித்திருப்பது ஒரு யாழ்ப்பாணப் பெட்டை, பார்க்கிறவனுக்கு அவள் இயக்கக்காரி என்பது எனக்கு ஒரு தரமும் உறைக்கவில்லை. நான்கு வருடத்தில் அவ்வளவு தூரம் போயிருக்கிறேன். ரஜனி அக்கா ஏன் கூடை கேட்டார் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

மணியைப் பார்த்தேன். விமானம் எழும்பி ஒரு மணித்தியாலம்.

6

அன்ரன் அண்ணையின் மனைவி ஜெயமேரி அக்காவிடம் போய்ச் சொல்லவேண்டும். அந்தத் தெரு நீளத்துக்கும் திரும்பி ஓடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். ரஜனி அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

ஜெயமேரி அக்கா யாரோ ஒரு சின்யோராவின் மேசை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"ஒட்டித்தான் குடுத்தனியோ?"

"ஓம் அக்கா."

"அவர் திறந்து பாக்கமாட்டார். அது அவரின்ரை பழக்கமில்லை." பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "நாளைக்கு மத்தியானம் இறங்குவார். பிறகு வான் பிடிச்சு, வழியிலை எத்தினை இடத்திலை மறிப்பினம்…"

அவர்களுடைய மகள் சாந்த்ராவுக்கு ஒன்பது வயது. பலெர்மோவில் பிறந்தவள். வீட்டுப்பாடக் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தி, தெருப் பிள்ளைகளின் இராகத்தில் இழுத்துக் கேட்டாள்.

"மம்மா, பாப்பா ஏன் பயப்படோணும்? போலிசியாவிட்டை உது ஃபில்ம் எண்டு சொன்னாக் காணும், பாஸ்தா. இவதானே கெரியேரா, சண்டைக்காரி!" என்று என்னைக் காட்டினாள். "எனக்கும் ஒரு போட்டோ தாறீங்களா?"

"வாயை மூடடி!" ஜெயமேரி அக்கா அவள் மேல் கத்தியதை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. சாந்த்ராவின் கண் நிறைந்துவிட்டது. அவள் கேட்டதில் என்ன பிழை? அவளுக்குத் தெரிந்த பொலிஸ்காரன் பள்ளிக்கூட வாசலில் பாதை கடத்திவிடுகிறவன். நானும் அவளைப்போலத்தான் யோசித்திருந்தேன், அவளைவிடப் பதினான்கு வயது மூத்துப்போய்.

மறுநாள் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் உள்ள தொலைபேசிக் கடைக்கு நானும் ஜெயமேரி அக்காவும் போனோம். கண்ணாடிக் கூட்டுக்குள் இருவரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். லொட்ஜ் மனேச்சர் எடுத்தார். ஒருவரும் வரவில்லை என்றார். ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்தோம். வரவில்லை. வெளியே மத்தியானத்துக்குக் கடை கடையாகப் பூட்டினார்கள். மூன்றாம் முறை எடுத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஜெயமேரி அக்கா செபமாலையை உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "வா, நாளைக்குப் பாப்பம்" என்றார்.

புதன்கிழமை காலை சின்யோராவிடம் பொய் சொல்லிவிட்டு ஜெயமேரி அக்காவோடு மறுபடி போனேன். வதனியே எடுத்தாள்.

"வதனி! அன்ரன் அண்ணை…"

"வந்தவர். நேற்றுப் பொழுதுபடேக்கை. சுகமா இருக்கிறார்."

பக்கத்தில் ஜெயமேரி அக்கா அப்படியே கூட்டின் தரையில் குந்திவிட்டார்.

"கடிதம்…"

"கிடைச்சுது." தங்கையின் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இல்லை. "எல்லாம் கிடைச்சுது. நீ இனிக் கொஞ்ச நாளைக்கு எடுக்காதை. வைக்கிறன்."

நான் கேட்க நினைத்ததைத் தொலைபேசியில் கேட்க முடியாது. கேட்கக்கூடாது என்பதாவது எனக்கு நினைவிருந்தது. அது இப்போது எங்கே இருக்கிறது? எரித்துவிட்டாளா? யாராவது கண்டார்களா?

அன்ரன் அண்ணை திரும்பி வரும் வரை மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையும் யாராவது கதவைத் தட்டினால் ரஜனி அக்காவைத்தான் திறக்கச் சொல்வேன். மாத்திரை மாற்றிக் கொடுக்கப் பார்த்து, சின்யோராவிடம் ஏச்சு வாங்கினேன். அதற்கிடையில் படக்காரர்கள் தொலைபேசி எடுத்தார்கள். கடைசிப் போரில் என்னை முன்வரிசைக்கு மாற்றியிருக்கிறார்களாம், நன்றாக ஓடுகிறேனாம், முகம் கிட்டத்தில் தெரியுமாம். எவ்வளவு நாள் ஆசைப்பட்ட இடம்! காய்ச்சல் என்றேன். இன்னொரு நாள் வரலாமே என்றார்கள். அன்றைக்கும் காய்ச்சல் என்றேன்.

7

அன்ரன் அண்ணை வந்த அன்று நானே போனேன். அவர் கதிரையைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"மூண்டாவது சென்றியிலை இறக்கினவங்கள்" என்றார். "பாக்கை முழுக்கக் கொட்டினவங்கள். முப்பது கடிதம். திறந்து கிடந்ததுகளைச் சும்மா தட்டிப்போட்டு விட்டிட்டாங்கள். ஒண்டே ஒண்டுதான் ஒட்டிக் கிடந்தது. ஒரு பெடியன், மீசைகூட முளைக்கேல்லை, அதை எடுத்து வெயிலுக்குப் பிடிச்சுப் பாத்தான். என்னெண்டு கேட்டான். ஒரு பிள்ளை தன்ரை தங்கச்சிக்கு எழுதினதெண்டன். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னனான். எனக்கென்ன தெரியும்? தெரிஞ்சிருந்தா என்ரை மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும்."

"பிறகு?"

"பின்னாலை ஒரு பஸ் வந்துது. தந்திட்டுப் போட்டான்."

அவ்வளவுதான். ஒரு பஸ் வந்தது. அன்ரன் அண்ணை தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். "உன்ரை தங்கச்சி எனக்கு முன்னாலைதான் உடைச்சவள். அந்தப் பிள்ளையின்ரை முகத்தை நான் மறக்கமாட்டன்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "அதை விடு" என்றார். அவர் விட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு அவர் யாருக்கும் கடிதம் கொண்டுபோனதில்லை.

வதனி அவரிடம் கொடுத்துவிட்ட கடிதம் ஒட்டாமல் இருந்தது. அதை இங்கே எழுத அவள் சம்மதித்திருக்கிறாள்.

"அக்கா, நீ அனுப்பினதை எரிக்கப் பாத்தன். பிளாஸ்ரிக் மாதிரி மணத்துது, பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டினவை. கிழிக்கவும் ஏலாது. பேந்து கத்திரிக்கோல் இரவல் வாங்கி, துவக்கைத் துண்டு துண்டா வெட்டிக் கக்கூசிலை போட்டன். பட்டியையும் போட்டன். உன்ரை பின்னலையும் வெட்டினன். உன்ரை முகத்தை மட்டும் வெட்ட ஏலாமப் போச்சு. ஒரு முத்திரை அளவுதான் வரும். பேர்சுக்குள்ளை வைச்சன்.

நாலு நாளாலை லொட்ஜைச் செக் பண்ண வந்தவை. பேர்சைக் கொட்டினவை. ஒருத்தர் அந்தத் துண்டை எடுத்து ஆரெண்டு கேட்டார். அக்கா எண்டன். ஏன் முகத்திலை கோடு கிடக்கெண்டார். நாடகம் எண்டன். அவர் அதைப் பாத்தார், என்னைப் பாத்தார், திருப்பியும் அதைப் பாத்தார். ரெண்டு பேரும் அச்சொட்டா ஒரே மாதிரி எண்டு சொல்லிப்போட்டுத் தந்தார். அவை போனாப் பிறகு அதையும் வெட்டிட்டன்.

இப்ப என்னட்டை உன்ரை படம் ஒண்டும் இல்லை. சும்மா ஒரு படம் அனுப்பு. சும்மா சட்டையோடை, சும்மா இருக்கிற மாதிரி."

அடுத்த நாளே பொலிதேயாமா பக்கம் போனேன். பெர்மெஸ்ஸோவுக்காக நாங்கள் எல்லோரும் படமெடுக்கும் தானியங்கிப் பெட்டி ஒன்று அங்கே உண்டு. நீலச் சட்டை போட்டிருந்தேன். தலையை அவிழ்த்து, எண்ணெய் வைத்து, நடுவகிடு எடுத்து வாரியிருந்தேன். திரைச்சீலையை இழுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். நான்கு தரம் வெளிச்சம் அடித்தது. வெளியே நின்று, துவாரத்தால் அந்தக் கடதாசி ஈரத்தோடு வந்து விழும் வரை காத்திருந்தேன்.

முதலாவதில் நேரே பார்க்கிறேன். லொட்ஜில் பேர்சைக் கொட்டுகிறவர் இதை எடுத்தால், இவள் ஏன் இப்படி முறைக்கிறாள் என்று கேட்கலாம். இரண்டாவதில் சிரிக்கிறேன். என்ன சிரிப்பு என்று கேட்கலாம். நான்காவதில் ஒரு பக்கம் திரும்பி, யாரோ வருகிறார்களா என்று பார்க்கிறேன். சும்மா இருக்கிற என் முகம் எது என்று தெரியாமல் வீதியோரத்தில் வெகுநேரம் நின்றேன்.

மூன்றாவதை வெட்டி, தபாலில் அனுப்பினேன். அதில் எனக்குக் கண் மூடியிருக்கிறது.